பெயரைப் போடாத முகவர்

(யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றிலுள்ள வாசிகசாலையில், கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் மேடைக்கு உரியதன்று என்று சிலர் எண்ணக்கூடும். வெளிநாடு செல்ல விரும்பும் ஒருவர் முகவர் ஒருவரை அமர்த்த வேண்டுமா, வேண்டாமா என்பதே அவ்விடயம். முகவர் என்று ஏட்டில் எழுதுகிறோம். ஒழுங்கையில் ஏஜென்சிக்காரர் என்கிறோம். பெயர் எதுவாயினும், அவர் பொருட்டு எத்தனை காணி உறுதிகள் நொத்தாரிசின் மேசைக்குப் போயின, எத்தனை தாலிக்கொடிகள் அடைவு கடைக்குப் போயின என்பதை இங்கு அமர்ந்திருப்போர் நன்கறிவர். ஒரு குடும்பத்தின் காணியும் நகையும், ஒரு பிள்ளையின் இளமையும் ஒரே தீர்மானத்தில் தங்கியிருக்குமாயின், அது மேடையில் பேசப்பட வேண்டிய விடயமே.

போவதா, இருப்பதா என்னும் பெரிய கேள்வியை இன்று நாம் எடுக்கவில்லை. அதற்கு வேறொரு மாலைப்பொழுது வேண்டும். போவதென்று ஒருவர் தீர்மானித்துவிட்டார். அவர் எவ்வாறு ஏமாறாமற் போவது? இவ்வளவே இன்றைய வினா.

ஒரு குடும்பத்தின் கதை

எமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லித் தொடங்குகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். தந்தையார் தோட்டக்காரர், ஆறு பரப்புச் செம்மண் காணி அவருக்கு முதுசமாக வந்தது. மகன் உயர்தரம் சித்தியடைந்து, தொழில்நுட்பக் கல்வியும் கற்றவர். பட்டினத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருந்த முகவர் ஒருவர், ஆறு மாதத்தில் கனடாவில் வேலை என்றார். காணி ஈடு வைக்கப்பட்டது. விண்ணப்பம் போயிற்று. மகன் அதனை ஒரு முறையேனும் முழுமையாக வாசிக்கவில்லை. காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார், அவ்வளவே.

சில மாதங்களின் பின் வந்த கடிதத்தில், விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்ட வேலை அனுபவச் சான்றிதழ் உண்மையானதன்று எனக் கண்டிருந்தது. மகன் அச்சான்றிதழைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் விண்ணப்பம் அவருடையது, ஒப்பமும் அவருடையது. பொய் உரைத்தமைக்காக ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

தந்தையாரும் மகனும் முறையிடப் புறப்பட்டார்கள். அப்பொழுதுதான் ஒரு விடயம் தெரியவந்தது. இவ்விண்ணப்பத்தைத் தயாரிக்க எவரேனும் உதவினரா, உமக்குப் பிரதிநிதி உண்டா என்று படிவம் கேட்கிறது. இல்லை என்று விடை எழுதப்பட்டிருந்தது. பணம் வாங்கிய மனிதரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பற்றுச்சீட்டில் 'ஆலோசனைச் சேவை' என்ற இரண்டு சொற்களே இருந்தன. கனடிய அரசாங்கத்தின் கண்ணில் அப்படி ஒரு முகவர் பிறக்கவே இல்லை! குற்றம் செய்தவராக ஏட்டில் நிற்பவர் அந்த இளைஞர் மாத்திரமே.

நண்பர்களே, இன்று நாம் சொல்ல விரும்பும் முழுவதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. முகவர் நல்லவரா, கெட்டவரா என்று முகத்தைப் பார்த்து அறிய இயலாது. தம் பெயரை உம் பெயருக்குப் பக்கத்தில் எழுத அவர் ஆயத்தமா என்று கேட்டால் அறியலாம்.

தரகரை அறிந்த மக்கள் நாம்

தரகு என்பது நமக்குப் புதியதன்று. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகும் கமக்காரருக்குத் தரகரைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டிய வழக்கத்தை எதிர்த்து ஆண்டாண்டாகக் குரல் கொடுத்தவர்கள் நீங்கள். ஆயினும் சந்தைத் தரகரிடம் ஒரு நியாயம் உண்டு. பொருள் விற்ற பின்பே அவர் தம் பங்கை எடுக்கிறார். விசாத் தரகரோ, விதைக்கு முன்னரே அறுவடைப் பங்கைக் கேட்கிறார். சந்தைத் தரகர் இன்று ஏமாற்றினால் நாளை அவர் முகத்தில் விழிக்கலாம். விசாத் தரகரின் பெயர்ப்பலகை நாளை அங்கே இருக்கும் என்பதற்கு எவர் பிணை?

கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைந்தால் வழக்காடும் நாம், இலட்சக்கணக்கில் கொடுக்கும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால். பெரிய அலுவலகம், குளிரூட்டிய அறை, கழுத்துப்பட்டி அணிந்த மனிதர் என்பதால். அச்சமும் அறியாமையுமே அவர்களுடைய முதலீடு.

முகவரால் ஆவதும் ஆகாததும்

முதலில் ஆகாததைச் சொல்வோம். விசாவை வழங்குபவர் முகவரல்லர். அந்த நாட்டின் உத்தியோகத்தர். முகவர் மூலம் வந்த விண்ணப்பம் என்பதற்காக வரிசையில் முன்னே இழுத்துவிடுவதில்லை என்று அவுஸ்திரேலிய அரசும் கனடிய அரசும் வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. விண்ணப்பிக்க முகவர் தேவையே இல்லை என்பதையும் அவ்வரசுகளே சொல்கின்றன. ஆகவே, "தூதரகத்தில் எமக்கு ஆளிருக்கிறார்" என்று எவரேனும் சொன்னால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அவ்வார்த்தை பொய்யாயின் அவர் பொய்யர். மெய்யாயின் அவர் குற்றவாளி. இரண்டிலும் உங்களுக்கு அங்கே வேலையில்லை.

இனி ஆவது எது? நல்ல முகவர் சட்டத்தை அறிந்தவர். உமது நிலைமைக்கு எந்த வழி பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்ல வல்லவர். ஆவணங்களை ஒழுங்குபடுத்துவார். அரசிடமிருந்து வினாக் கடிதம் வந்தால் உரிய காலத்தில் விடையளிப்பார். உமக்குத் தகுதி இல்லையெனின், "பணத்தை வீணாக்காதீர்" என்று சொல்லி அனுப்புவார். இந்தக் கடைசிச் சேவையே எல்லாவற்றிலும் விலைமதிப்புடையது. அதைச் செய்பவர் நேர்மையாளர் என்று துணிந்து கொள்ளலாம்.

யாருக்கு வேண்டியதில்லை?

இச்சபையில் தாதியர் இருக்கிறீர்கள்; பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் இருக்கிறீர்கள். உங்களை நோக்கிச் சொல்கிறோம். தொழில் தகைமையின் பேரில் குடியேறும் வழியில் உள்ள கடினமான வேலைகள் எவை? ஆங்கிலப் பரீட்சை எழுதுவது. படித்த படிப்பை அந்த நாட்டுக்குரிய சபை மதிப்பிடச் செய்வது. வேலை பார்த்த இடங்களில் முறையான கடிதம் பெறுவது. பொலிஸ் சான்றிதழ் எடுப்பது. அந்நாட்டரசு நியமித்த வைத்தியரிடம் உடற்பரிசோதனை செய்விப்பது. இவற்றில் எதனை முகவர் உங்களுக்காகச் செய்வார்? ஒன்றையும் செய்ய இயலாது. எஞ்சுவது படிவத்தை நிரப்புவது. ஒரு வைத்தியசாலையின் நோயாளர் ஏட்டைப் பிழையின்றி எழுதும் தாதிக்கு, தம் சொந்த வரலாற்றை எழுதத் தெரியாதா?

அவுஸ்திரேலியாவில் 2012 தொடக்கமும் கனடாவில் 2015 தொடக்கமும், முதலில் விருப்பத்தைப் பதிந்து, புள்ளிகளின்படி அழைப்பு வந்த பின்பே விண்ணப்பிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. அந்த முதற்பதிவுக்கு அரசு ஒரு சதமும் அறவிடுவதில்லை. அவுஸ்திரேலியப் புள்ளிமுறையில் குறைந்தது 65 புள்ளி வேண்டும். அழைப்பு வரும்போது வயது 45க்குக் குறைந்திருக்க வேண்டும். வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு எத்தனை புள்ளி என்பது வெளியிடப்பட்ட அட்டவணை. ஒரு மாலைநேரம் இருந்து கூட்டிப் பார்த்தால், முகவரின் படி ஏறுமுன்பே உங்கள் நிலை உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் 65 என்பது வாசற்படி மாத்திரமே. அழைப்பு வருவது அதனிலும் உயர்ந்த புள்ளியில் என்பதே வழமை. இதைச் சொல்லாத முகவர் பாதி உண்மையை விற்கிறார்.

பிள்ளைகளைப் பார்க்கப் போக விரும்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்ற பிள்ளைகளின் தாய் தந்தையருக்கும், பேரர் பேத்தியரைக் காணச் செல்வோருக்கும் 2011 டிசம்பரில் 'சுப்பர் விசா' என்ற முறை தொடங்கப்பட்டது. ஒருமுறை சென்றால் ஐந்தாண்டு வரை தங்க 2022 தொடக்கம் இடமுண்டு. பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவர் வருமானத்துக்கான அத்தாட்சி, மருத்துவக் காப்புறுதி, உடற்பரிசோதனை என்பனவே பெரும்பாலும் வேண்டியவை. பிள்ளை அங்கிருந்தே இவற்றைத் தயார் செய்யலாம். இதற்கு முகவர் எதற்கு? பணம் பெறாத உறவினரோ நண்பரோ உதவுவதைக் கனடியச் சட்டம் தடுக்கவில்லை. பிரதிநிதியாக நின்று செயற்படுவோரின் பெயரை, அவர் பணம் பெறினும் பெறாவிடினும், உரிய படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

யாருக்கு வேண்டும்?

எல்லாருக்கும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் ஏமாற்றே. தடிமனுக்குத் தைலம் போதும்; எலும்பு முறிந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும்.

முன்னர் ஒருமுறை விசா மறுக்கப்பட்டவர், முந்திய விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தவர், ஒரு நாட்டில் விசாக் காலம் கடந்து தங்கியவர், நீதிமன்ற வழக்கு உடையவர், குடும்பத்தில் கடும் நோயாளர் உள்ளவர், மணமுறிவுற்றுப் பிள்ளையை உடன் கொண்டுசெல்ல விரும்புபவர், தத்துப்பிள்ளை உள்ளவர், யுத்தகாலத்தில் தடுப்பில் இருந்தவர். இவர்கள் தாமாகவே படிவம் நிரப்பி அனுப்புவது ஆபத்து. புகலிடம் கோருவோரும், மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வோரும் சட்டத்தரணியையே நாட வேண்டும். அங்கே காலக்கெடு ஒரு நாள் தப்பினாலும் கதவு மூடிவிடும்.

நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புப் பத்திரம்; பாடசாலைச் சான்றிதழில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் இன்னொரு பெயரும்; தந்தை பெயர் முதலெழுத்தாக நிற்க, வெளிநாட்டான் அதைக் குடும்பப்பெயராகக் கொள்வது. இவை பலவற்றைப் பதிவாளர் கந்தோரிலும் சத்தியக்கடதாசி மூலமும் இங்கேயே சீர்செய்யலாம். அதை முதலிற் செய்யுங்கள். அதன் பின்னும் முடிச்சு அவிழாவிடின் அறிந்தவரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பலர் அறியார். முகவரை முழு வேலைக்கும் அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு மணி நேர ஆலோசனைக்கு மாத்திரம் கட்டணம் செலுத்தி, நாமே நிரப்பிய படிவத்தைக் காட்டிப் பிழை கேட்கலாம். வீடு கட்ட ஒப்பந்தக்காரரை வைப்பது ஒன்று. நாமே கட்டிய சுவரைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க மேசனாரை அழைப்பது வேறொன்று. பின்னையதற்குக் காணியை ஈடு வைக்க வேண்டியதில்லை.

சட்டம் எதுவரை வரும்?

வேண்டும் என்று தீர்மானித்தால், எவரை அமர்த்துவது? மூன்று நாடுகளின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்வோம்.

அவுஸ்திரேலியாவில், 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற முகவரும் சட்டத்தரணியுமே கட்டணம் பெற்று இவ்வுதவியைச் செய்யலாம். உரிமையின்றிக் கட்டணம் வாங்குவோருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2021 மார்ச் 22 தொடக்கம் சட்டத்தரணிகள் முகவராகத் தனியே பதிவு பெற வேண்டியதில்லை, ஏனையோர் பெறவேண்டும். பதிவுபெற்ற ஒவ்வொருவருக்கும் ஏழு இலக்க எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு அரசின் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம்.

கனடாவில் இந்தக் கட்டுப்பாடு எளிதில் வந்துவிடவில்லை. 2004இல் ஒரு சபை இயங்கத் தொடங்கிற்று. 2011இல் அதன் இடத்துக்கு வேறொரு சபை வந்தது. 2021 நவம்பரில் தனிச் சட்டமொன்றின் கீழ் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி என்ற பெயரைக் கண்டு பள்ளிக்கூடம் என்று எண்ண வேண்டாம். ஆலோசகரைப் பதிந்து, கண்காணித்து, தவறினால் தண்டிக்கும் சபை அது. அதன் உரிமம் பெற்றவர், மாகாணச் சட்டச் சங்கங்களின் அங்கத்தவர், கியூபெக் நொத்தாரிசுச் சபையினர் ஆகியோரே பணம் பெற்றுப் பிரதிநிதியாக நிற்கலாம்.

பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஆணையாளர் அலுவலகம், 2025 ஜனவரி தொடக்கம் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்ற பெயரில் இயங்குகிறது. பதிவின்றி அங்கே ஆலோசனை வழங்குவது குற்றம்.

இத்தனை சட்டம் இருந்தும் நம் மக்கள் ஏன் ஏமாறுகிறார்கள்? இதோ மறுமொழி. அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து தொழில் நடத்துபவர் அங்கே பதிவுபெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரித்தானியச் சட்டம் பிரித்தானியாவுக்குள் வழங்கப்படும் ஆலோசனையையே கட்டுப்படுத்துகிறது. கனடியச் சட்டம் முகவர் எந்நாட்டில் இருப்பினும் அவரிடம் உரிமத்தை எதிர்பார்க்கிறது. ஆயினும் கனடியப் பொலிசார் கஸ்தூரியார் வீதிக்கு வந்து கதவு தட்டப் போவதில்லை. வேலி அவர்கள் நாட்டில் இருக்கிறது. ஆடு நம் நாட்டில் மேய்கிறது!

ஆகவே வேலியை நாமே போடவேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்தல்ல, பதிவு எண்ணைக் கேட்டு. அவர் காட்டும் சட்டமிட்ட பத்திரத்தைப் பார்த்தல்ல. நாமே அரசின் பதிவேட்டைத் திறந்து. "எங்கள் ரொறன்ரோ அலுவலகத்தில் உரிமமுள்ளவர் இருக்கிறார்" என்றால், ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திடட்டும். பிரதிநிதிப் படிவத்தில் அவர் பெயரே வரட்டும். அதற்கு மறுத்தால், நாம் முன்னர் சொன்ன இளைஞரின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போவது வேறு

குடியேறப் போவதும் வேலைக்குப் போவதும் ஒன்றல்ல. மத்திய கிழக்கு முதலிய நாடுகளுக்கு வேலைக்கு ஆள் அனுப்புவோர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவ்வுரிமம் உண்மையா, குறித்த அந்த வேலைக்கு அனுமதி உண்டா என்ற இரண்டையும் பணியகத்திடம் 1989 என்ற தொலைபேசி இலக்கத்திற் கேட்கலாம். ஆனால் அவ்வுரிமம் வேலைவாய்ப்புக்கு உரியது. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, "கனடாவில் குடியேற்றுவோம்" என்று சொல்வது, சைக்கிள் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி விமானம் ஓட்டுவேன் என்பதற்கு ஒப்பாகும்.

தென்கொரியாவுக்கு ஆள் அனுப்பும் வேலை அனுமதி முறை இன்னும் தெளிவானது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு அது. இங்கே பணியகமே அதை நடத்துகிறது. கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். தனியார் முகவருக்கு அங்கே இடமே இல்லை. இல்லாத இடத்தை விற்பவருக்கு என்ன பெயர் சூட்டுவது?

அதுபோலவே பிரித்தானியாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று கூறி, நிறுவனங்களின் அனுசரணைப் பத்திரத்தை விலைபேசிய கதைகள் பல. வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் அறவிடுவதை அந்நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. 2025 ஜூலை 22 தொடக்கம் பராமரிப்புப் பணியாளரை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதும் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பின்னும் அந்த விசாவுக்கு எவரேனும் முற்பணம் கேட்டால், அவர் மூடிய கடையின் சாமானை விற்கிறார் என்று கொள்க.

பணமும் பத்திரமும்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு, மறுக்கப்பட்டால் எது திரும்பும் என்பன அதில் இருக்கவேண்டும். அரசின் கட்டணம் வேறு, முகவரின் கட்டணம் வேறு. முன்னையது பகிரங்கமானது. எடுத்துக்காட்டாக, அவுஸ்திரேலிய மாணவர் விசாவின் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 டொலராகவும், 2025 ஜூலையில் 2,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. இரண்டையும் ஒரே தொகையாகக் கேட்பவர் எதையோ மறைக்கிறார்.

"எங்கள் சேவை இலவசம்" என்று சொல்லும் மாணவர் முகவர்களிடமும் ஒரு வினா உண்டு. வெளிநாட்டுக் கல்விநிலையங்கள் தமக்கு மாணவரைச் சேர்த்துத் தருவோருக்குத் தரகுப்பணம் கொடுக்கின்றன. அதில் ஒளிவு மறைவில்லை. ஆனால் அவர் பரிந்துரைக்கும் கல்லூரி உம் பிள்ளைக்கு ஏற்றதா, அவர் பைக்கு ஏற்றதா என்பதை நீரே ஆராய வேண்டும்.

"கட்டாயம் கிடைக்கும்" என்று உறுதி கூறுபவரை நம்ப வேண்டாம். அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற முகவர் அவ்வாறு உறுதி கூறுவதை அவர்தம் ஒழுக்கக்கோவையே தடுக்கிறது. அரசுகளின் மனமும் மாறும். கனடா, 2024க்கு 485,000 என்று வைத்திருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை 2025க்கு 395,000 ஆகக் குறைத்தது. அந்நாட்டு மந்திரிசபை நாளை என்ன தீர்மானிக்கும் என்பதற்குப் பட்டினத்து முகவர் எப்படிப் பிணை நிற்பார்?

விண்ணப்பக் கணக்கு உம் பெயரில், உமது மின்னஞ்சலில், உம் கையிலுள்ள கடவுச்சொல்லுடன் இருக்கவேண்டும். அனுப்பிய ஒவ்வொரு தாளின் பிரதியும் உம்மிடம் இருக்கவேண்டும். மூலச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் முகவரின் அலுமாரியில் விட்டு வராதீர். எழுதாத வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர். காணி உறுதியை வாசித்துக் காட்டாமல் நொத்தாரிசு கையெழுத்துக் கேட்டால் போடுவோமா? இதுவும் ஓர் உறுதியே. எழுதிக் கொடுப்பது காணியையல்ல, வாழ்க்கையை.

பொய்யின் விலை

"சின்னப் பொய்தான், எல்லாரும் செய்கிறார்கள்" என்று முகவர் சொல்வார். அந்தச் சின்னப் பொய்யின் விலையைக் கேளுங்கள். கனடாவில் ஐந்தாண்டுத் தடை. அவுஸ்திரேலியாவில் பொய்ப்பத்திரத்துக்கு மூன்றாண்டு. ஆளடையாளத்தைப் பற்றிய பொய்யாயின் பத்தாண்டு. பிரித்தானியாவில் வஞ்சகத்துக்குப் பத்தாண்டு வரை. பொய்யை எழுதியவர் முகவர். அதைச் சுமப்பவர் விண்ணப்பகாரர்.

இந்த நீதி நமக்குப் புதியதன்று. 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். அவர்களை ஏற்றிவந்த கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்தக் கரையின் மீனவர் கண்டு காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலிற் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியது பின்னர் வெளியாயிற்று. உயிருக்கு அஞ்சி ஓடியவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. போரிலிருந்து தப்பி வந்தோம் என்ற அவர்களுடைய உண்மை பெரிது. அந்தப் பெரிய உண்மையின் மீது ஒரு சிறிய பொய் நிழல் வீழ்த்திற்று என்பதே நம் துயரம். பணம் வாங்கியவன் அந்தப் படகில் இருக்கவில்லை. அவன் என்றைக்கும் படகில் இருப்பதில்லை.

செய்யத்தக்கது யாது?

நண்பர்களே, ஏமாற்றியவரைத் தூற்றிவிட்டுக் கலைவதற்காக நாம் இங்கே கூடவில்லை. இச்சபையில் ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் இருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு அடுத்த வளவிலே, படிவத்தின் முதற்பக்கத்தைக் கண்டே கலங்கும் கமக்காரர் இருக்கிறார். உங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வேலி. அந்த வேலியின் பொட்டுக்குள்ளாலேதான் ஏஜென்சிக்காரர் நுழைகிறார்.

ஆகையால் ஒரு சிறு பிரேரணையை இச்சபையின் முன் வைக்கிறோம். இந்த வாசிகசாலையில் வாரத்தில் ஒரு மாலை ஒரு மேசை போடுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த இருவர் அங்கே இருக்கட்டும். முகவர் கொடுத்த ஒப்பந்தத்தையும் நிரப்பிய படிவத்தையும் எவரும் கொண்டுவரலாம். அந்த இருவர் செய்ய வேண்டியது மூன்றே. படிவத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டுதல். முகவரின் பதிவு எண்ணை அந்தந்த அரசின் பதிவேட்டில் தேடிப் பார்த்தல். பிரதிநிதி என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று நோக்குதல். ஆலோசனை சொல்ல வேண்டாம், பணம் பெற வேண்டாம், வாசித்தல் போதும். சிக்கலான விடயமாயின், சட்டம் அறிந்தவரிடம் போகச் சொல்லுங்கள்.

அந்த மேசைக்கு வராமல் எந்தக் காணி உறுதியும் நொத்தாரிசிடம் போவதில்லை என்று இவ்வூர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுமாயின், பாதி முகவர்கள் இந்த ஒழுங்கைக்குள் காலடி வையார். எஞ்சிய பாதியர் தம் பெயரை எழுதக் கற்றுக்கொள்வர்.

நாம் முதலிற் சொன்ன தந்தையார் இன்றும் தோட்டத்தில் நிற்கிறார். ஆனால் அது அவருடைய தோட்டமன்று. முன்பு தம்முடையதாக இருந்த அதே ஆறு பரப்பைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். தண்ணீர் மாறும்போது வரம்பில் நின்று அவர் எம்மிடம் ஒருநாள் சொன்னார்: "காணி போனது கவலையில்லை, என்ரை பிள்ளை பொய் சொன்னவன் எண்டு எழுதிப்போட்டாங்கள்." அந்த வார்த்தையை இச்சபையில் இன்னொரு தந்தையார் சொல்லும்படி நேராதிருக்கட்டும்.